மார்ச் மாதத்துப் பாலம்

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று உங்கள் அதிகாரி கேட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க சாதனைகளைப் பத்திப் பேசுங்க சார்" என்றார். அப்படியானால் காபி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்றேன். அதனால் நான் அசடு வழிந்த ஒரு மார்ச் மாதத்தை உங்களுக்காக எடுத்து வந்திருக்கிறேன். என்னிடம் அந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

ராணுவத்துக்குக் கணக்கு எழுதும் இந்த வேலையில் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நாடாளுமன்றம் படைகளுக்குப் பணம் ஒதுக்குவது ஒரு வருடத்துக்கு மட்டும். அந்த வருடம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாகிறது. அதற்குள் செலவாகாத பணம் நம்முடையதல்ல, திரும்பிப் போய்விடும். போனால் போகட்டும் என்று இருக்கவும் முடியாது. "போன வருடம் மிச்சம் வைத்தீர்களே, அப்படியென்றால் உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை" என்று அடுத்த வருட ஒதுக்கீட்டில் கத்தரி விழும். வீட்டில் மிச்சம் வைத்தால் சமர்த்து என்பார்கள், அலுவலகத்தில் மிச்சம் வைத்தால் மெமோ கொடுப்பார்கள்.

டில்லியில் ஒதுக்கிய பணம் ஒவ்வொரு அலுவலகமாக இறங்கி நம் கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். தலைமடையில் தண்ணீர் திறந்த அன்றே கடைமடைக்காரன் நாற்று விட முடியாதல்லவா, அது போலத்தான். திருச்சியில் இருந்த எங்கள் அலுவலகம் சுத்தக் கடைமடை. தண்ணீர் வந்து சேரும்போது பருவம் முடிந்திருக்கும். ஆகவே வருடம் முழுக்க "நிதி இல்லை" என்று கடிதம் எழுதுவோம், மார்ச்சில் "உடனே செலவு செய்க" என்று கடிதம் வரும். மார்ச் பிறந்தால் எங்கள் முகாம்களில் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பு நடக்கும். நன்றாக இருக்கும் சுவருக்கும் அடிப்போம்.

அந்தக் காலத்தில் நான் இதில் பெரிய சூரன். என் கணக்கில் மார்ச் முடிவில் ஒரு காசு மிஞ்சாது. மேலதிகாரிகள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன்.

அப்படி நிமிர்ந்து நடந்தவனைத்தான், ஒரு வருடம், பாலம் போடும் பயிற்சிக்கு வந்த ஒரு பொறியியல் படைப்பிரிவோடு கணக்காளனாக அனுப்பினார்கள். வடக்கேயிருந்து வந்தவர்கள். மன்னார்குடிக்குத் தெற்கே காவிரியின் ஒரு கிளையாற்றில் தற்காலிகப் பாலம் போட்டுப் பிரித்துப் பழக வேண்டும். அந்த ஊர்ப்பக்கம் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். நான் மன்னார்குடியில் பிறந்தவன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு, ஆனால் அது குத்தகையில் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை நெல் மூட்டை வீட்டுக்கு வரும், அதை எண்ணி வாங்கி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த விவசாயம். படிவத்தில் மட்டும் "வட்டாரத்தை நன்கு அறிந்தவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஜூனிலிருந்து ஜனவரி வரை. ஜனவரி கடைசியில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். பயிற்சிக்குப் பணம் வந்தது பிப்ரவரியில். தண்ணீர் இருந்தபோது பணமில்லை, பணம் வந்தபோது தண்ணீரில்லை. மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும். ஆகவே இந்திய ராணுவத்தின் ஒரு பிரிவு, ஆடு மேய்ந்துகொண்டிருந்த வெறும் மணல் ஆற்றின் மேல் பாலம் கட்டப் புறப்பட்டு வந்தது.

படைப்பிரிவின் தலைவர் ஒரு இளம் கேப்டன், பஞ்சாப்காரர். எனக்குத் தெரிந்த இந்தியிலும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வோம், அதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். லாரிகள் ஆற்றங்கரைக்கு வந்து நின்றதும், நிறுத்த இடம் வேண்டுமே என்று அவர் சுற்றிப் பார்த்தார். கரைக்குக் கீழே அறுவடை முடிந்த வயல்கள். நெல் அறுத்த தாளுக்கு நடுவே பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது.

"அது என்ன பயிர்?" என்று கேட்டார்.

"பயிரெல்லாம் இல்லை. அறுப்புக்குப் பிறகு முளைக்கிற களை. வயல் காலி" என்றேன்.

"நிச்சயமா?"

"நான் இந்த ஊர்க்காரன் சார்."

அது உளுந்து. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்னால், ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவில் அது தானாக எழுந்து, பனியையும் மண் ஈரத்தையும் குடித்தே வளரும். இந்த டெல்டாவில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த விஷயம். பிறந்தது முதல் தினமும் இட்லி தின்று வளர்ந்த நான், பூவெடுத்து நின்ற உளுந்துச் செடியைப் பார்த்துக் களை என்று ராணுவத்துக்குச் சான்று கொடுத்தேன்.

முதல் லாரி வரப்பை உடைத்துக்கொண்டு வயலில் இறங்கியது. பின்னால் மற்றவையும் இறங்கின. தூரத்து நெல் களத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். நேராக வந்து, நகர்ந்துகொண்டிருந்த லாரியின் முன்னால் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் லாரியிலிருந்த இரும்புச் சட்டங்கள் எல்லாம் சரிந்தன.

"யோவ், கண்ணு அவிஞ்சா போச்சு? பூவெடுத்து நிக்கிற பயிரு தெரியல?" என்று டிரைவரைக் கேட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. கீழே இறங்கி நின்ற என் பக்கம் திரும்பினாள். "வேட்டி கட்டுன ஊர்க்காரன் மாதிரிதானே இருக்க நீ? நீ சோத்தைத் திங்கிறியா, வைக்கோலைத் திங்கிறியா?"

நான் அன்று வேட்டிகூடக் கட்டியிருக்கவில்லை, பேன்ட்தான். அதைச் சொல்ல இது சமயமில்லை என்று மட்டும் புத்தியில் பட்டது.

அதற்குள் தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த வருடங்களை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சென்னையில் கழக ஆட்சி. இங்கே அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு, நிலத் தகராறு. ஊர் முனையில் கட்சிக் கொடி ஒன்று, தெரு முனையில் செங்கொடி ஒன்று. பெரிய பண்ணைகளில் சண்டை வந்தால் ரிசர்வ் போலீஸ் வந்து கூடாரம் போடும். இப்போது லாரி லாரியாக ராணுவமே வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? பண்ணைக்காரர் தங்களை வெளியேற்றக் கூட்டி வந்த பட்டாளம் என்று நினைத்தார்கள். யாரோ செங்கொடியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கேப்டன் என்னைப் பார்த்தார். "ஊர்க்காரன்தானே நீ, பேசு" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நான் வரப்பின் மேல் ஏறி நின்று, "யாரையும் எதுவும் செய்ய வரலைங்க. ஆத்துல பாலம் போட வந்திருக்கோம்" என்றேன்.

கொடியோடு வந்தவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். "ஆத்துல தண்ணியே இல்லையே. எதுக்குப் பாலம்?"

"பயிற்சிங்க."

"தண்ணி இருக்கறப்ப வந்து பழக வேண்டியதுதானே?"

உண்மையைச் சொன்னேன், பொய் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். "பணம் இப்பதான் வந்துச்சு. இந்த மாசம் முடியறதுக்குள்ள செலவு பண்ணலைன்னா பணம் திரும்பிப் போயிடும். அதுக்காகத்தான் வந்திருக்கோம்."

கேள்வி கேட்டவர் கொடியைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தார். "அப்படிச் சொல்லுங்க. கவர்மெண்டு காரியந்தான்." கூட்டமும் சிரித்தது. நம் நிதியாண்டு முறையை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட சபையை அதற்குப் பிறகு எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சக்கரம் நசுக்கிய செடிகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் தையல்நாயகி. கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவர் குத்தகைக்கு உழுத அந்த நிலத்தை அவள் தொடர்ந்து உழுதுகொண்டிருந்தாள்.

பயிற்சியில் பயிர் சேதமானால் நஷ்டஈடு கொடுக்க விதி இருக்கிறது. வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் வந்து பார்த்துத் தொகையை முடிவு செய்வார், அங்கேயே கொடுத்துவிட வேண்டும். என்னிடம் பணமும் இருந்தது. கேப்டன் அன்றே ஆள் அனுப்பி ரெவின்யூ இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். அவர் வந்தார், வயலைச் சுற்றினார், தொகையை எழுதினார், கையெழுத்துப் போட்டார். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பெறுபவரின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பேரு விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"விட்டுப்போகல, விட்டு வெச்சிருக்கேன்" என்றார். "குத்தகைதாரர் பேரெல்லாம் பதிவு பண்ற சட்டம் வந்ததுலேர்ந்து இந்த நிலத்துல தகராறு. அம்மா பேரை எழுதினா மெட்ராஸ்ல இருக்கற பண்ணைக்காரர் என்னைத் தூக்கி ராமநாதபுரத்துல போட்டுடுவார். பண்ணைக்காரர் பேரை எழுதினா இங்க உள்ளவங்க ஆபீஸ் வாசல்ல வந்து உட்காருவாங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கட்டும். நமக்கு எதுக்கு சார் பொல்லாப்பு?" சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பண்ணையின் காரியஸ்தர் வேதாசலம் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாத்தியார் மகன்தானே தம்பி நீங்க? உங்க மாமாவும் நம்ம ஐயாவும் ஒண்ணாப் படிச்சவங்க. நம்ம புள்ளைதான் கணக்குல இருக்குன்னு கேள்விப்பட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிருச்சு."

எனக்கு அப்போதுதான் ஒரு பாரம் ஏறியது.

குத்தகை போன பசலியோடு முடிந்துவிட்டது என்றார் அவர். வருவாய்த் துறையின் வருடத்துக்குப் பசலி என்று பெயர். அது ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். போன ஜூனிலேயே நிலத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள், இது பண்ணையின் சொந்தச் சாகுபடி, ஆகவே நஷ்டஈடு பண்ணைக்குத்தான் என்பது அவர் வாதம். ஒப்படைக்கவே இல்லை என்றாள் தையல்நாயகி. தண்ணீர் திறந்ததும் உழுதது, நட்டது, அறுத்தது, உளுந்து தெளித்தது எல்லாம் தான்தான் என்றாள். நான் ஒரே ஒரு வருடம்தான் உலகத்தில் உண்டு என்று நினைத்திருந்தவன். அந்த வயலில் மூன்று வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டில்லியின் வருடம், தாசில்தாரின் வருடம், அவளுடைய வருடம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

நாட்கள் போயின. பாலத்தைக் கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். ஊர் ஜனம் கரையில் உட்கார்ந்து பார்த்தது. பெயர் இல்லாத அந்தச் சான்றிதழ் என் பையில் அப்படியே இருந்தது. மார்ச் கடைசி வாரமும் வந்துவிட்டது. எனக்கு ஒரே கவலைதான்: முப்பத்தொன்றாம் தேதிக்குள் இந்தப் பணம் யார் கைக்காவது போய்விட வேண்டும். யார் கைக்கு என்பது எனக்கு இரண்டாம் பட்சமாக இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம் உளுந்தைக் களை என்றது அல்ல, இதுதான்.

அப்போது வேதாசலம் ஒரு யோசனை சொன்னார். "தம்பி, பாவம் பொம்பளை. பணத்தைப் பூரா அதுவே வெச்சுக்கட்டும். ஐயாவுக்கு இது ஒரு காசா? ரசீது மட்டும் ஐயா பேர்ல இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, உங்க கண்ணு முன்னாலயே அது கையில குடுத்துடறேன்."

எனக்கு அது அற்புதமான தீர்வாகப் பட்டது. நிலத்துக்காரருக்கு ரசீது, உழுதவளுக்குப் பணம், எனக்கு முடிந்த கணக்கு. இத்தனை நாள் இது எனக்கே தோன்றாமல் போனதே என்று வருத்தப்பட்டேன். உடனே தையல்நாயகியின் வீட்டுக்குப் போய், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிச் சொன்னேன்.

அவள் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். "பணம் எனக்கு வேணாங்க. அதை அவங்களே வெச்சுக்கட்டும். ரசீதுல என் பேரை எழுதுங்க" என்றாள்.

பத்து வருட வேலையில், பணம் கொடுக்கப் போய், வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. அன்று ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா, பணத்தை விட்டுட்டுப் பேரை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"வர்ற மாசம் மன்னார்குடியில விசாரணை இருக்கு. குத்தகைப் பதிவுக்கு. நாந்தான் உழறேன்னு சொல்லுவேன். என்னத்தக் காட்டிச் சொல்லுவேன்? வாயால சொன்ன குத்தகை, வாயாலதான் குடுத்தாங்க. நெல்லு அளந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு தந்ததில்ல. நீங்க ஐயா பேருக்கு ரசீது போட்டீங்கன்னா, கவர்மெண்டே சொல்லிருச்சு பயிரு அவங்களதுன்னு ஆயிரும். அப்ப நான் யாருங்க? காசு வாங்கிட்டுப் போன பொம்பளை."

முறம் நின்றிருந்தது. என் தீர்வு எவ்வளவு அழகாக அவள் கழுத்தை நெரித்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. வேதாசலத்துக்கு அது முதலிலிருந்தே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நான்தான் "வட்டாரத்தை நன்கு அறிந்தவர்".

புரிந்துவிட்டதால் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முகாமுக்குத் திரும்பி, மூன்றாவது வழி ஒன்று இருக்குமா என்று யோசித்தேன். யாருக்கும் கொடுக்காமல் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். "தகராறு நிலுவையில்" என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரலில் புது வருடம். போன வருடத்துச் சேதத்துக்குப் புது அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் அவள் விசாரணை முடிந்திருக்கும். இன்னொரு பக்கம், அவள் பெயரை எழுதினால் எந்த ஆதாரத்தில் எழுதினாய் என்று கேட்பார்கள். நிலம் பண்ணை பேரில் இருக்கிறது. மாமா வேறு இருக்கிறார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசலி, பதிவுச் சட்டம், வாய்மொழிக் குத்தகை என்று நீளமாகச் சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டே கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நாம் வயலில் இறங்கியபோது லாரி முன்னால் வந்து நின்றது யார்?"

"அந்த அம்மாதான்."

"அந்தக் குடைக்காரர் எப்போது வந்தார்?"

"மூன்று நான்கு நாள் கழித்து."

"தன் பயிர் நசுங்கும்போது எந்த விவசாயியாவது மூன்று நாள் கழித்து வருவாரா? எங்கள் ஊரில் அடுத்தவன் எருமை இறங்கினாலே குடும்பத்தோடு ஓடுவோம்."

நான் அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். என் ஊர் வயலில் என் கண்ணெதிரில் நடந்ததை, என் முகத்துக்கு நேராகத் திட்டு வாங்கியதை, எங்கிருந்தோ வந்த மனிதர் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஆதாரம் தேடிக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேனே தவிர, நானே சாட்சி என்பது எனக்குத் தோன்றவில்லை.

கேப்டன் தான் பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் எழுதினேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு மன்னார்குடி போனோம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தார். கேப்டன் அந்தப் பக்கம் போய் நின்றார். சான்றிதழோடு அந்த இரண்டு காகிதங்களையும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்தார், இன்னொரு முறை படித்தார். முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது.

"இதை முதல்லயே குடுத்திருக்கக் கூடாதா சார்? இனிமே யாரு கேட்டாலும் மிலிட்டரி எழுதிக் குடுத்துச்சு, நான் போட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்." பேனாவைத் திறந்து, சான்றிதழில் காலியாக இருந்த இடத்தில் தையல்நாயகி என்று எழுதினார். கோட்டைச் சுவர் மாதிரி எங்கள் இரண்டு காகிதங்களையும் தன் கோப்பில் வைத்துக் கட்டினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வேதாசலம் வயலோரம் காத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை. "தம்பி, நல்லா யோசிங்க. உங்க குடும்பத்து நிலமும் குத்தகையிலதான் இருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமான அக்கறையோடு சொன்னார். அதுதான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. இருந்தாலும், அங்கே வந்து நின்ற தையல்நாயகியிடம் ரசீதை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றாள். வாசித்தேன். "பேருக்குப் பின்னால, சாகுபடி செய்றவங்கன்னு எழுதுங்க."

"அதுக்கு இதுல இடமில்லம்மா."

"அதான் இவ்வளவு வெள்ளையா இருக்கே ஓரத்துல."

ஓரத்தில் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக. பணத்தையும் வாங்கிக்கொண்டாள். கேப்டன் அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பயிரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

இனி விளைவுகளைச் சொல்கிறேன். அன்று பகல் முழுக்க இந்த ஒரு ரசீதோடு போய்விட்டதால், தார்ப்பாய் வாங்க வைத்திருந்த பணம் செலவாகாமல் நின்றுவிட்டது. ஒரு காசு மிச்சம் வைக்காத சூரனின் கணக்கில் முதல் தடவையாகப் பணம் திரும்பிப் போனது. மேலதிகாரி கூப்பிட்டு, "முப்பத்தொன்றாம் தேதி பூராவும் என்ன செய்தீர்?" என்று கேட்டார். "ஒரு பெயர் எழுதினேன் சார்" என்றேன். மெமோ கொடுத்தார். அந்த ஓரத்துச் சொல்லுக்காகத் தணிக்கையிலிருந்து தனியாக ஓர் ஆட்சேபம் வந்தது. "படிவத்தில் இல்லாத விவரம் ஏன் சேர்க்கப்பட்டது?" அதற்குப் பல வருடம் பதில் எழுதினேன்.

மன்னார்குடி விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். பண்ணையின் வக்கீல் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த அம்மாள்தான் சாகுபடி செய்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்களைத் திட்டியது அவங்க ஒருத்தர்தான்" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. விசாரித்த அதிகாரி சிரிக்கவில்லை. "என்ன சொல்லித் திட்டினார்? பதிவு செய்யணும்" என்றார். அலுவலகம் நிறைய ஆட்கள் இருக்க, ராணுவக் கணக்காளனாகிய நான் நிமிர்ந்து நின்று, நான் சோற்றைத் தின்கிறேனா வைக்கோலைத் தின்கிறேனா என்று கேட்கப்பட்டதை உரக்கச் சொன்னேன். எழுத்தர் "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதிகாரி வேதாசலத்தைப் பார்த்து, லாரி இறங்கிய அன்று பண்ணை ஆள் யாராவது அங்கே இருந்தார்களா என்று கேட்டார். வேதாசலம் குடையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அவள் பெயர் குத்தகைதாரராகப் பதிவானது. அடுத்த சில மாதங்களில் எங்கள் குடும்பத்து நிலத்தை உழுதவரும் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டார். "எதிரியைச் சுடுவான்னு பட்டாளத்துக்கு அனுப்பினா, வீட்டைப் பாத்துச் சுட்டுட்டானே" என்று மாமா கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு மட்டும் வெகுநாள் பேசவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தையல்நாயகி என்னை நோக்கி வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதற்கு அடக்கமாக என்ன பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டேன்.

"வரப்பை ஒடைச்சீங்களே சார், அதுக்கு எப்பக் குடுப்பீங்க?" என்றாள்.

பயிருக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தோம். அந்த வருடம் முடிந்துவிட்டது, இனி புதிதாக அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கினேன். "வாங்குங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றாள். எழுதிப் போட்டேன். அனுமதி இறங்கி வந்து சேர அடுத்த மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் வரப்பை அவளே கட்டிவிட்டிருந்தாள். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அடுத்த தடவை லாரி வந்தா முன்னாடியே சொல்லுங்க. எங்க நிறுத்தலாம்னு நாங்க காட்டறோம்" என்றாள்.

அதை அப்படியே என் அறிக்கையில் சேர்த்தேன். "வயலில் வண்டி இறக்குமுன், நிலத்தில் உழைப்பவரைக் கேட்க வேண்டும்." மேலிடத்திலிருந்து தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: எந்த விதியின்படி? நம் புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. கடைசியில் கேள்விக்குக் கீழே "அனுபவத்தின்படி" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நான் ஓய்வு பெறும்வரை அதற்கு மறு கேள்வி வரவில்லை.